தொண்ணூற்றாறு பதினெட்டு

முதலாம் அத்தியாயத்தில் உயிருள்ள மிருகங்கள்.
பிறகு இறைச்சி, மீன், பால், மரக்கறி,
உப்பு, உரம், தோல், நூல், இரும்பு, இயந்திரம்.
எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துக் களைத்தவர்கள்
மிச்சத்தை அள்ளிப் போட்ட அறை
தொண்ணூற்றாறாம் அத்தியாயம்.
அடுத்தது ஓவியமும் பழம்பொருளும்.
அத்தோடு உலகம் சரி.

காங்கேசன்துறையில் கப்பல் அடைகிற மத்தியானங்களில்
நான் இந்த அறைக்குள்தான் நிற்கிறேன்.
தும்புத்தடியும் பல் தீட்டும் பிரஷும்
இங்கே ஒரே வீட்டுக்காரர்.
பொத்தானுக்குப் பக்கத்து வளவு சிப்.
சுடுதண்ணிப் போத்தல் முழுசாய் வந்தால் எனக்கு;
உள்ளே இருக்கிற கண்ணாடி தனிய வந்தால்
எழுபதாம் அத்தியாயத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும்.
உங்கள் தாளில் நான் குத்துகிற திகதி முத்திரைக்கும்
இங்கேதான் இலக்கம்.

வியாழக்கிழமை, கடல் முரண்டு பிடித்த நாள்,
எமில்டா வந்தா. குருநகர்.
எல்லாரும் பெட்டி இழுத்த வரிசையில்
அவ மட்டும் ஓர் ஆளை அணைத்தபடி நின்றா.
பழைய நூல் சேலையால் சுற்றிய ஆள்.
தலை இல்லை, கை இல்லை,
இடுப்புக்குக் கீழே இரும்பில் ஒற்றைக் கால்.

"என்ன சாமான்?"
"பொம்மை, மிஸ்."

பொம்மை என்றால் தொண்ணூற்றைந்து,
விளையாட்டுச் சாமான்.
பிளாஸ்ரிக் என்று பார்த்தால் முப்பத்தொன்பது.
விதி சொல்கிறது:
பொதுப்பெயர் ஒன்றும் குறித்த பெயர் ஒன்றும் இருந்தால்
குறித்த பெயரே செல்லும்.
பெயரே இல்லாமல் வருவதை
எதோடு கூடுதலாய் உறவோ அதோடு சேர்.

பின்னால் நாற்பது போத்தலோடு நின்றவர் முணுமுணுத்தார்.
நாட்டாமை வில்வரத்தினம் அவரை அமர்த்தினார்:
"பொறுங்கோ ஐயா. ஒரு காலத்தில
ரோச் பற்றரிக்கு இஞ்ச இலக்கமே இல்லை.
ஓமா இல்லையா, அவ்வளவுதான். ஓம் எண்டதே இல்லை."
அந்தப் பட்டியலை நான் கண்டதில்லை.
அப்போது பிறக்கவுமில்லை.

சேலையை அவிழ்த்தேன்.
நெஞ்சில், இடுப்பில், தோளில் சின்னச் சில்லுகள்.
இந்தப் பக்கம் திருகினால் விரிகிறது,
அந்தப் பக்கம் திருகினால் ஒடுங்குகிறது.
தையற்காரர் பொம்மை. 96.18.
கடைக் கண்ணாடிக்குள் தானாய்த் தலையாட்டும் உருவங்களும்
இதே இலக்கத்தில்தான்.

"ஆற்ற அளவு இது?"

எமில்டா கொப்பியைத் திறந்தா.
"ஸ்காபரோ. போன வருசம் நெஞ்சு முப்பத்தெட்டு,
இப்ப முப்பத்தஞ்சரை.
நல்லாச் சாப்பிடுறன் எண்டுதான் போனில சொல்லுறாள்.
இது ஒஸ்லோ, வயித்துச் சில்லை
மாசத்துக்கு ஒருக்காத் திருப்பவேணும்.
இவ லாச்சப்பல். அளவில பொய் சொல்லுவா,
நான் ரெண்டு அங்குலம் கூட்டித்தான் வெட்டுறது."
கொப்பியை மூடினா.
"ஒருத்தரும் நேர வந்து நிண்டதில்லை, மிஸ்.
எல்லாரும் இனி இதிலதான் வந்து நிப்பினம்."

படிவத்தில் எண்ணிக்கை என்றொரு கட்டம்.
ஒன்று என்று எழுதினேன்.
அவ அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றா.

தீர்வை சொன்னேன். ரவிக்கைக்குள்ளிருந்து காசு வந்தது,
கடல் ஈரத்தில் ஒட்டிய தாள்கள்.
பிரித்து எண்ண நேரம் எடுத்தது.
அந்த நேரத்தில், பரிசோதனைக்காகத்தான்,
இடுப்புச் சில்லை மெல்லத் திருகிப் பார்த்தேன்.
இருபத்தொன்பதில் நிறுத்தினேன்.

எமில்டா ஒன்றும் கேட்கவில்லை.
என் இடுப்பை ஒருமுறை பார்த்தா,
மேசை லாச்சியில், கோப்புக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த
விசா விண்ணப்பத்தின் நீல ஓரத்தைப் பார்த்தா.
கொப்பியில் எழுதாத பக்கம் ஒன்றைப் புரட்டி
என் பேனையையே எடுத்தா.
"எந்த ஊர் எண்டு போடுறது, மிஸ்?"

திகதி முத்திரையை எடுத்துக் குத்தினேன்.
மை காய்ந்திருந்தது. இன்னொருதரம் குத்தினேன்.
"அடுத்த ஆள்," என்றேன்.