தண்டம், இரண்டு மரக்கால்

அலௌத்ரா ஏரியில் மீன்பிடி மூடி
இரண்டாம் மாதம்.
வலைக்கண் இரு விரலுக்குக் குறைந்தால்
தண்டம் என்று ஊர்கூடிக் கைதூக்கினோம்.
குறிப்பேடு என்னிடம்.

விடியுமுன் ரவேலு வந்து எழுப்பினான்:
கோரைக்குள் ஒரு வலை கிடக்கிறது.

தோணியைத் தள்ளினோம்.
தீ தின்ற கறுப்புத் திட்டின் ஓரம்
போன மழைக்கு எல்லோருமாய் நட்ட பாப்பிரஸ்,
இப்போது இடுப்பளவு.
குட்டியை முதுகில் சுமந்த லெமூர் ஒன்று
தண்டை மென்றபடி
எங்களை வேவு பார்த்தது.

வலையை இழுத்தோம்.
சுண்டுவிரல் நீளத் திலாப்பியாக்கள்.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது:
இடக்கை முடிச்சு.
என் வீட்டில் ஒருத்திக்குத்தான் இடக்கை.

ரவேலு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மீன்களை ஒவ்வொன்றாய் விட்டோம்.
பாதி மிதந்தன.

மாலைக் கூட்டத்தில்
பெயரெழுதப் பேனா ஓடவில்லை.
உதறினேன், ஓடியது.
யாரும் கேட்குமுன் பஹூலி எழுந்து
இரண்டு மரக்கால் அரிசியை
அளந்து கொட்டினாள்.
"பெரிய கண் பின்ன எனக்குக் கை வராது,
யாராவது காட்டுங்கள்" என்றாள்.
மூன்று பெண்கள் நகர்ந்து
பாயில் இடம் விட்டார்கள்.

இரவு வீட்டில் கஞ்சிதான்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
நான் சொல்லவில்லை.