காற்றுக்குழி

எங்கள் கட்டடத்தின் நடுவில் ஒரு காற்றுக்குழி.
ஏழு மாடி, பதினான்கு பாத்ரூம்.
பதினான்கு சின்ன யன்னல்களும்
அதற்குள்தான் மூச்சு விடுகின்றன.
விடிய ஐந்து மணிக்கு யார் காறித் துப்புகிறார்,
எந்த வீட்டுப் பிள்ளை
சோதனைக்கு முதல்நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது,
எல்லாம் தெரியும் எனக்கு.
முகங்கள்தான் தெரியாது.

வெள்ளவத்தையில் கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி.
வாடகை தராத உப்புக்காற்று
முதலில் குழாயின் கழுத்தைத் தின்றது,
பிறகு கதவுக் கொளுக்கியை.
மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று
இரண்டு வருடம் சொன்னேன், எனக்கு நானே.

போன வைகாசி, நீர்வெட்டு முடிந்த சனிக்கிழமை,
தண்ணி வந்த புளுகத்தில்
கொமட்டுக்குள் அசிட்டை ஊற்றினேன்.
மஞ்சள் கறை அசையவில்லை.
குளோரினையும் ஊற்றினேன்,
ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று.
கதவு பூட்டி.
யன்னலில் நான் செருகிய கடதாசி மட்டை,
நுளம்புக்குப் பயந்து.

துணையாகத்தான் வந்தன இரண்டும்.
தொண்டைக்குள் கையை விட்டு
யாரோ பிழிந்தார்கள்.
கண்ணைத் திறக்க முடியவில்லை,
கொளுக்கி திறக்கவில்லை.
மட்டையைக் குத்திக் கிழித்தேன்.

மேலே ஒரு இருமல்.
அதற்கு மேலே இன்னொன்று.
மாடி மாடியாக ஏறிப்போனது என் முட்டாள்தனம்.
பிறகு ஒரு பெண்குரல்:
"யாரு கீழுக்கு? ஒண்டும் ஊத்தாதீங்க!
அப்பிடியே உட்டுட்டு வெளிய போங்க!"
தண்ணி வாளியைத் தூக்கியிருந்த என் கை
அந்தச் சொல்லில் நின்றது.
வாளியால் கொளுக்கியை அடித்தேன்.
உப்பு தின்றது போக மிச்சமிருந்தது
மூன்றாவது அடியில் விட்டது.

இரண்டு மணித்தியாலம் படிக்கட்டில் இருந்தேன்,
நைற்றியோடு, தலையில் ஒட்டடையோடு.
காவலாளி விமலரத்ன கொத்தமல்லி அவித்துத் தந்தார்.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
டொக்டர்தான் கேட்டார், இரண்டு தரம்.

இப்போது புதுக் கொளுக்கி. உள்ளே நிற்கும்போது
அதையும் போடுவதில்லை.
யன்னல் திறந்தபடி; நுளம்பு வந்தால் வரட்டும்.
கையுறை. வழுக்காத செருப்பு.
சுவரின் மேலிருந்து தொடங்கிக் கீழே வருகிறேன்,
தரை கடைசி.
முதலே தரையைத் தேய்த்தால்
சுவர் அழுது அதைத் திரும்ப ஊத்தையாக்கும்.
பூஞ்சணத்தில் குளோரினைத் தடவிவிட்டு
வெளியே போய்த் தேத்தண்ணி குடிக்கிறேன்.
பத்து நிமிடம் அது வேலை செய்யட்டும்.
என் தோள்மூட்டு செய்ததை விட நன்றாகத்தான் செய்கிறது.
பிறகு பச்சைத்தண்ணி, நிறைய.
குழாய் உப்புக்குத் தேசிக்காய்ப் பாதி,
அது வேறொரு நாளைக்கு.
அசிட் போத்தல் வீட்டிலேயே இல்லை.
தேசிக்காயையும் நான் நம்புவதில்லை,
குளோரினுக்குப் பக்கத்தில்.

லிப்டில் ஏறும் பெண்களின் குரலுக்குக்
காது கொடுக்கிறேன் இன்னும்.
"கொஞ்சம் தள்ளுங்க", "அஞ்சு அமத்துங்க".
ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
கண்டாலும் என்ன சொல்வது?
அன்றைக்கு இருமியது நான்தான் என்றா?

நேற்று நான் பேசினை உரசிக்கொண்டிருக்க
மேலே எங்கோ ஒரு மூடி கிறீச்சிட்டது.
அசிட் மணம் இறங்கி வந்தது.
கொஞ்சம் பொறுத்து,
இன்னொரு மூடி.

தலையை யன்னலுக்குள் நுழைத்துக் கத்தினேன்:
"ஒண்டு போதும்! ரெண்டையும் கலக்காதேங்கோ!"

பதினான்கு யன்னலும் கேட்டிருக்கும்.
யாரோ பல் விளக்குவதை நிறுத்தினார்.
ஒரு குழாய் சொட்டியது.
பிறகு, மேலே,
ஒரு மூடி மெல்ல, சுற்றிச் சுற்றி,
இறுகும் சத்தம்.

பேசினுக்குள் பாதித் தேசிக்காய் கிடந்தது.
எடுத்துத் திரும்ப உரசினேன்.