மூன்றாவது மைக்

குரோனிங்கனில் அக்டோபர் என்றால்
காற்று சைக்கிளைப் பின்னால் தள்ளும்.
சுவரொட்டிச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு
பல்கலைக்கழக வாசல்வரை நடந்தே வந்தேன்.
பசை காய்வதற்குள் ஒரு மூலை பிய்ந்து படபடக்கிறது.
ஆறு வாரம், ஒன்பது மாலை.
அனுமதி இலவசம். ஈரக் கோட்டுகளை வெளியே மாட்டவும்.

முதல் செவ்வாய், ஓய்வுபெற்ற நீதிபதி ஹில்லி வியர்ஸ்மா,
திருப்பி எழுத விரும்பும் ஒரே தீர்ப்பைப் பற்றி.
வியாழன் விவாதம்:
தேர்வுகளை ஒழித்துவிடலாமா.
யார் எந்தப் பக்கம் என்பதைக் காசு சுண்டித்தான் சொல்வோம்.
ஒழிக்கக் கூடாது என்று பேச நேர்ந்தால்
அழுதுவிடுவேன் என்கிறாள் முதலாண்டு யில்டவ்.
அப்புறம் கடல் மட்டம்,
இறந்தவர் கடிதங்களை யார் பிரிக்கலாம்,
இன்னும் என்னென்னவோ.

கடைசி மாலைக்கு மட்டும் எழுத்து சற்றுச் சிறிது:
நேர்காணல். த்ரீன்யே வெர்க்மன், ரொட்டிக்கடை, லோப்பர்சம்.
தலைப்பு இல்லை.
தலைப்பு வைத்தால் வரமாட்டேன் என்று
தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

இந்த நகரத்துக்கு வடகிழக்கே நிலம் நடுங்கும்.
மலையில்லை, எரிமலையில்லை,
மேசைவிரிப்பு போலத் தட்டை வயல்.
பல பத்தாண்டுகள் அதன் அடியிலிருந்து
எரிவாயுவை உறிஞ்சினோம்.
நாடு முழுக்க அடுப்பு எரிந்தது.
பிறகு சுவர்கள் வாய் திறந்தன.

அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று.
மேடை வேண்டாம், கேட்பவர்கள் உட்காரும் தரையே போதும்.
தண்ணீர் காகிதக் குவளையில்; கண்ணாடி வேண்டாம்.
எதிரே இருப்பவர் கையில் தாள் இருக்கக் கூடாது.
பதினோரு மதிப்பீட்டாளர்கள் வந்து போனார்களாம்,
பதினோரு பேர் கையிலும் தாள் செருகிய அட்டை.
அதனால் யோரித் கேள்விகளை
மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்,
காப்பி இயந்திரத்தின் முன்னால், கண்ணை மூடி.

என் வேலை மைக்.
பேசுபவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று,
மூன்றாவது கூட்டத்துக்கு.
கை உயர்கிற வரிசைக்கு அதைத் தூக்கிக்கொண்டு
முழங்கால்களை இடித்துக்கொண்டு ஓட வேண்டும்.
சின்னக் கேள்விதான் என்று தொடங்குபவரிடம்
முழுசாகக் கொடுத்துவிடக் கூடாது,
நம் பிடியும் இருக்க வேண்டும்.
நான்கு வருடத்தில் கற்றது இவ்வளவே.

என் அப்பா முப்பத்தோரு வருடம்
அந்த எரிவாயுக் கிணறுகளில் வால்வு திருகியவர்.
அந்தச் சம்பளத்தில்தான் என் கோணல் பல்லுக்குக் கம்பி.
அந்தச் சம்பளத்தில்தான் இந்த நகரத்துக்கு ரயில்.
சுவரொட்டியைப் படம் பிடித்து அனுப்பினேன்.
நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது:
'நான் திருகியது வால்வை. நிலத்தை அல்ல.'
இன்னும் சற்று நேரம் கழித்து:
'அந்தக் கடையில் திராட்சை ரொட்டி நன்றாயிருக்கும்.'

இன்று அரங்கில் நானும் நாற்காலிகளும் மட்டும்.
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.
பின்வரிசையில் லேசான இரைச்சல்,
அது வெப்பக்குழாய்தான்.
அவருக்கான நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.
ஆடியது.
ஒரு கால் அரை விரல் குட்டை.
யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.
மிச்சமிருந்த சுவரொட்டி ஒன்றை
நான்காக, எட்டாக மடித்துக் காலடியில் செருகினேன்.
நீதிபதியின் பெயர் பாதி வெளியே தெரிந்தது,
உள்ளே தள்ளினேன்.
மறுபடி உட்கார்ந்தேன்.
ஆடவில்லை.

அன்று மாலையும் மூன்றாவது மைக் என்னிடம்தான் இருக்கும்.
அதைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன்
கை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை.
அணைத்துவிட்டு, காலி நாற்காலியிடம்
என் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்:
முதல் நடுக்கத்தின்போது
அடுப்பில் ரொட்டி இருந்ததா?
அதை எடுத்தீர்களா, விட்டுவிட்டு ஓடினீர்களா?

குரல் கொஞ்சம் அப்பா மாதிரி இருந்தது.

பேட்டரி பாதிதான் இருக்கிறது.
நாளை புதிதாக நான்கு வாங்க வேண்டும்.