எழுநூறு மில்லி

வெள்ளையாக இருந்தால் நல்லது.
மஞ்சள் என்றால் வெள்ளம் போதவில்லை.
ஆரஞ்சானால் உடனே கூப்பிடும் என்று
பச்சோந்தியின் எச்சத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு
வனக்காவலர் ஏசுவடியான் பைக்கை முடுக்கினார்.
ரெண்டு நாள் வச்சிரும், ஜீப்பு பழுது.
இன்று பதினோராம் நாள்.

நாலுவழிச் சாலைக்காக ஆரல்வாய்மொழியில்
ஜேசிபி புளியமரத்தைச் சாய்த்தபோது
கொப்போடு கீழே வந்தது இது.
பின்னங்கால் ஒன்று மடங்கவில்லை.
உடம்பு கறுத்து,
கண்கள் ரெண்டும் உள்ளே போயிருந்தன.
பயம் என்று நினைத்தேன்.
தாகம் என்றார் ஏசுவடியான்.

கிண்ணத்து வெள்ளத்தை இது மதிக்கவே இல்லை.
இலையில் வழிந்தால்தான் குடிக்குமாம்.
போன மாசம் எனக்கு ஏற்றி முடித்த சலைன் பாட்டிலை
மெற்றில்டா கழுவி, நிறைத்து,
ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டினாள்.
சின்னச் சக்கரத்தைத் திருகி
செம்பருத்தித் தொட்டிமேல் சொட்டவிட்டாள்.
நிமிடத்துக்கு இருபது.
முப்பந்தல் காற்று வந்து அதில் பாதியைக்
கொண்டுபோய் சுவரில் அடிக்கும்.

இலை நுனிக்கு உருண்டு வந்து
விழலாமா என்று நிற்கும் ஒரு துளி.
இது ஒரு கண்ணை அதன்மேல் திருப்பும்,
மற்றதை என்மேல்.
பிறகு தாடை ஏறி இறங்க
ஏதோ கடினமான பண்டத்தைச் சவைப்பதுபோல்
குடிக்கும், குடிக்கும்.

எனக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
கஞ்சியில் இருப்பதும் சேர்த்து.
மாத்திரை விழுங்குவதும் சேர்த்து.
திங்களும் வியாழனும் ஆசாரிப்பள்ளத்தில்
நாலு மணிக்கூர் என் ரத்தம்
வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்.
இருபத்தாறு வருஷம் ராணித்தோட்டம் டிப்போவில் வண்டி ஓட்டினேன்.
சீட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு லிட்டர் கேன்,
கோவில்பட்டி தாண்டுமுன் காலியாகும்.
அப்போது யார் அளந்தார்.

பழைய டூட்டி நோட்டில் எழுதி வருகிறேன்.
இடப்பக்கம் அது, வலப்பக்கம் நான்.
ஜூலை 18. எச்சம் இல்லை.
நான், நூற்றிருபது மில்லி.
ஜூலை 21. கறுப்புத் துண்டு, முனையில் மஞ்சள்,
தொட்டால் சுண்ணாம்புபோல் உதிர்கிறது.
நான், தொண்ணூறு. கணுக்காலை அமுக்கினால்
விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது.
ஜூலை 24. வெட்டுக்கிளி மூன்று.
எச்சம் ஈரம். வெள்ளைதான்,
ஓரத்தில் மட்டும் சந்தேகம்.
(என் பக்கம் அன்று எழுதவில்லை.)

சந்தேகத்தைத் தீப்பெட்டி மூடியில் எடுத்து
முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனேன்.
வேலிக்கு அப்புறம் செல்லத்தங்கம்,
என்னத்தப் பாக்கீரு என்றாள்.
வெள்ளையான்னு பாக்கேன்.
அவள் துணி காயப்போடாமலே உள்ளே போய்விட்டாள்.

நேற்று ராத்திரி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
மெற்றில்டாவை எழுப்பி ஐஸ் துண்டு கேட்கவில்லை.
எழுந்து போய்ச் சக்கரத்தை முப்பதுக்குத் திருகினேன்.
யாராவது குடிக்கட்டும்.
தூங்குகிற பச்சோந்தி வெளுத்துப்போய் இருந்தது,
காகிதத்தில் வெட்டி ஒட்டினதுபோல்.

சாயங்காலம் ஜீப்பு வந்தது.
ஏசுவடியான் கொப்போடு தூக்கி, கண்ணைப் பார்த்து,
கொள்ளாமே, நல்லா பொங்கியிருக்கே என்றார்.
அந்த நேரம் பார்த்து அது
அவருடைய காக்கி முழங்கால்மேல் போட்டது.
ஒரு புள்ளி மஞ்சள் இல்லை.
வெள்ளை, வெள்ளை என்று கத்தினேன்.
அவர் துடைக்கத் துணி தேடினார்.
நோட்டைக் கொடுக்க நினைத்து, கிழிக்க மனமில்லாமல்,
என் பக்கத்தோடேயே கொடுக்கவும் முடியாமல் நின்றேன்.
மகேந்திரகிரிப் பக்கம் விடுவார்களாம்,
கால் சரியானதும்.

பாட்டிலை யாரும் மூடவில்லை.
வெறும் செம்பருத்திமேல்
முப்பது, முப்பது, முப்பது.
காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது.
குனிந்தேன். ஒரு கண்ணை இலைமேல் வைத்து,
மற்றதை அடுக்களைக் கதவில் வைத்து,
நாக்கை நீட்டினேன்.

கதவில் மெற்றில்டா.
எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
அதையும் எழுதி வையும் என்றாள்.