இடைவெளி வாரம்

இந்த வாரம் லீக் இல்லை.
மெஸ் ஹாலில் டிவி இருக்கிறது, ரிமோட் இருக்கிறது,
ஆள் இல்லை.
சனிக்கிழமை ராத்திரி முன்வரிசை நாற்காலிகளில்
சாப்பாட்டுத் தட்டை வைத்து இடம்பிடிப்பவர்கள்
இன்று துணி துவைக்கிறார்கள்.

நாடுகள் ஆடும் வாரம் இது.
"நாடுன்னா விருந்தாளிடே, எப்பவாவதுதான் வரும்.
கிளப்புதான் வீட்டு ஆளு.
வாரா வாரம் வந்து மனச ஒடச்சிட்டுப் போவான்"
என்பான் பனியடிமை.
நானும் அதே கட்சிதான்.

சஜாவுக்கு வந்த முதல் மாதம்
முடித்துக்கொண்டு போன எவனோ விட்டுச்சென்ற
சிவப்புச் சட்டை என் கட்டிலில் கிடந்தது.
அளவு சரியாக இருந்தது. அவ்வளவுதான்.
பதினோரு வருடமாக லிவர்பூல்காரன்.
அந்த ஊருக்குக் கடல் எந்தப் பக்கம் என்று
இன்றுவரை தெரியாது.
இந்தியா அடுத்து எப்போது ஆடுகிறது?
போனைத்தான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மணல் திடலில்
முன்பெல்லாம் நாடு நாடாகப் பிரிந்து ஆடினோம்.
ஒரே ஒரு ஹேண்ட்பாலுக்காக
இரண்டு நாடுகள் மூன்று மாதம் பேசவில்லை,
ஒரே குழாயில் பல் தேய்த்துக்கொண்டு.
கேம்ப் பாஸ் வந்து சொன்னார்:
இனிமேல் சட்டை நிறம் பார்த்துப் பிரியுங்கள்.
அன்றிலிருந்து
சிவப்பில் ஒரு கானா, இரண்டு வங்காளம், ஒரு நேபாளம், நான்.
நீலத்தில் மிச்ச உலகம்.
சண்டை குறைந்தது என்று சொல்ல முடியாது.
கெட்ட வார்த்தைகள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன.

விலைபேசி எடுக்கப்படுகிறவன்,
ஒப்பந்தம் முடிந்தால் ஊர் மாறுகிறவன்,
முழங்கால் போனால் பட்டியலிலிருந்தும் போகிறவன்:
கிளப் ஆட்டக்காரனை
கமெண்ட்ரி சொல்பவரைவிட எங்களுக்கு நன்றாகப் புரியும்.
அவனுக்கும் விசா, அவனுக்கும் மெடிக்கல்.
சம்பளத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம்.
நாடு என்றால் பாஸ்போர்ட்.
ஆபீஸ் இரும்பு அலமாரியில் கிடக்கிறது.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே வரும்.

இதையெல்லாம் நேற்று எல்லோரும் ஒப்புக்கொண்டு
விளக்கை அணைத்தோம்.

பத்து மணி.
மேல்கட்டில் அசைந்தது.
டீகாராம் தாமாங், சாரம் கட்டுகிறவன், நாலரைக்கு பஸ்.
போனை ஏசிக் குழாயில் துண்டால் கட்டியிருக்கிறான்.
குவைத்தில் நேபாளம் ஆடுகிறதாம்.
சிநேக ஆட்டம்.
கோப்பை இல்லை, புள்ளி இல்லை,
காலரியில் ஆளும் அதிகமில்லை.

வரிசையாக நின்றார்கள். பாட்டு தொடங்கியது போல.
அவனும் எழுந்தான்.
மேல்கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில்
ஒரு மனிதன் முழுதாக நிற்க இடமில்லை.
கழுத்தை மடக்கி,
பின்தலையைத் தகரத்தில் அழுத்தி,
முழங்கால் பாதி வளைந்து,
கைகளை மட்டும்
தொடையோடு ஒட்டி நேராக வைத்திருந்தான்.
போட்டிருந்தது லிவர்பூல் சட்டை.

சிரிக்கலாம் என்றுதான் கீழே இருந்து பார்த்தேன்.
பாட்டு முடியும்வரை
நானும் எழுந்து உட்கார்ந்திருந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
என் சார்ஜரை நீட்டினேன். வயர் குட்டை.
ஏணியில் ஒரு கால் வைத்து
நான் பிடித்தால்தான் எட்டும்.
ஒரு இயர்போனை எனக்குத் தந்தான்.

அறுபத்தெட்டாவது நிமிடம்
படம் உறைந்தது.
பந்து கோலியின் விரலைத் தாண்டிவிட்டது,
கோட்டைத் தாண்டவில்லை,
காற்றில் நிற்கிறது.
அதன்மேல் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.
டேட்டா தீர்ந்துவிட்டது.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கென்று
சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றரை ஜிபி.
ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன்.
பாஸ்வேர்டைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது:
கிளப்பின் பெயர், பக்கத்தில் கோப்பை வென்ற வருடம்.

அவன் கேட்கவேயில்லை.
தானாக அடித்தான்.
திறந்தது.