அம்புக்குறி

அவளுடைய ஆற்றை மலைமேல் ஏற்றியவன் நான்.
விருது அவளுக்குப் போனது. அதுதான் நியாயம்.

ஹாலிஃபாக்ஸில் சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை எனக்கு.
கதைப் புத்தகங்களுக்கு வரைபடம் போடுவேன்,
பக்கத்துக்கு நாற்பது டாலர்.
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையிலிருந்து
திர்சா கீப்பிங் என்ற பெயரில் உறைகள் வரும்.
பிரித்தால் மீன் வாடை.
ஆலையில் எடை எழுதுகிறவள் அவள்.
சீட்டின் முன்பக்கம்
காட் மீன் இத்தனை கிலோ, கழிவு இத்தனை.
பின்பக்கம் ஓர்வேன் நாட்டு மன்னர்கள்,
உப்பைத் தொட்டால் ஊமையாகும் ஒரு குலம்,
நாக்கில்லாத மணிகள்,
எட்டு வகை மந்திரம்.
எட்டாவது, செத்தவரை எழுப்புவது.
கூலி: எழுப்புகிறவரின் நிழல்.

முதல் புத்தகம் இருநூற்றுப் பதினொரு பிரதி விற்றது.
முப்பது, அவள் அண்ணன் ஒபதியா வாங்கியது.
படகுத்துறையில் வருகிறவன் போகிறவன் கையிலெல்லாம் திணித்தான்.
படித்தாயா என்று கேட்டால்
உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து
"நல்ல கனம்" என்பானாம்.

இரண்டாவது புத்தகத்தில்தான் நான் சறுக்கினேன்.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்,
அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.
கடலில் விழவேண்டிய ஆற்றுக்கு
அம்புக்குறியை மலைப்பக்கம் போட்டுவிட்டேன்.
நாலாயிரம் பிரதி அச்சாகி முடிந்தபின்
சாஸ்கட்டூனில் ஒரு பையன் கண்டுபிடித்தான்.
மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.
பதில் இல்லை.

பதில் எழுதும் நிலையில் அவள் இல்லை.
மீன்பிடிக்கத் தடை வந்து ஆலை மூடியது.
அந்த நவம்பரில் ஒபதியாவின் படகு
எதைப் பிடிக்கப் போனதோ, போனது.

ஏழு வருடம் ஒரு வரி இல்லை.
வாசகர்கள் ஆறுதல் எழுதினார்கள்.
நல்ல மனசோடுதான் ஒருத்தி எழுதியிருந்தாள்:
உங்களிடம்தான் எட்டாவது மந்திரம் இருக்கிறதே.

ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள்:
"எழுப்பிப் பார்த்தேன். ஒரே குளிர்காலத்தில் பதினாறு முறை.
பதினாறு முறையும் அழகாகப் பேசினான்.
அங்கேதான் இடித்தது.
என் அண்ணனுக்குப் பேச வராது."

எட்டாம் வருடம், காலை ஐந்தரைக்கு, தொலைபேசி.
அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.
"அந்த அம்பு. அப்படியே இருக்கட்டும்."
வைத்துவிட்டாள்.

மூன்றாவது புத்தகம் அதுதான்.
கடலிலிருந்து மலைக்கு ஓர் ஆறு ஏறுகிறது,
கடல் எடுத்ததையெல்லாம் சுமந்துகொண்டு.
துடுப்பு வரும், தொப்பி வரும்,
ரொட்டி நனையாத சாப்பாட்டு டப்பா வரும்.
ஆள் வராது.
கரையில் ஒருத்தி ஒவ்வொன்றாக எடுத்து
எடை போட்டு எழுதிக்கொள்கிறாள்,
எழுநூறு பக்கத்துக்கு.
எட்டாவது மந்திரம் தெரிந்த கடைசிக் கிழவி
அதைச் சொல்ல வாயெடுத்து
இருமி
மறந்துபோகிறாள். ஒரே வரி.
அதற்காக அவளைத் திட்டி வந்த கடிதங்கள் ஒரு மூட்டை.

மான்ட்ரியாலில் ஓட்டல் கூடம்.
சமையலறைக் கதவோரம் என் மேசை.
கண்ணாடிக் கோபுரம் ஒன்றைக் கையில் வாங்கி
உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.
இரண்டு கிலோ நூறு, என்றாள் ஒலிவாங்கியில்.
எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை.
பிறகு: "தப்பாக வரைந்தவர் வந்திருக்கிறார். எழுந்திருங்கள்."
எழுந்தேன். மடியிலிருந்த முள்கரண்டி விழுந்தது.

அப்புறம் ஐந்து புத்தகங்கள், பத்தொன்பது மொழிகள்.
தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்,
கடைசிக் காட்சியில் ஆற்றில் ஓர் ஆள் வந்தால் போதும் என்று.
கூரை ஒழுகிக்கொண்டிருந்த வருடம் அது.
தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

போன மாதம் போலந்துப் பதிப்பு வந்தது.
யாரோ கெட்டிக்காரர் அம்பைத் திருத்தியிருக்கிறார்.
ஆறு ஒழுங்காகக் கடலுக்குப் போகிறது.
நடுராத்திரி கூப்பிட்டு, மூச்சுவாங்கச் சிரித்தாள்.
"பாவம் அவர்கள்," என்றாள்,
"அங்கே எல்லாம் போய்க்கொண்டே இருக்கும்."
பிறகு, ஒன்பதாவதுக்கு
பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறாய் இப்போது என்று கேட்டாள்.