நான்குக்கு மேல் வேண்டாம்

ஞாயிற்றுச் சந்தையில் பேரம் பேசி வாங்கினாள் இதாலினா
அந்த நான்ஸ்டிக் வாணலியை,
லக்சம்பர்க் பேருந்தில் ஏறுவதற்கு ஆறு நாள் முன்பு.
உள்ளே ஒரு மினுக்கம்,
ராத்திரியில் மத்தொசின்யோஸ் துறைமுகத் தண்ணீர் மாதிரி.

முப்பத்தொரு வருஷம் எனக்கு முட்டை பொரித்தவள்
பொரிக்கும் விதம் சொல்லித்தர
அரைமணி நேரம்தான் ஒதுக்கினாள்.

அடுப்பை நான்குக்கு மேல் திருப்பாதே.
வெறும் வாணலியைச் சூடேற்றாதே.
இரும்புக் கரண்டி பட்டதோ, தொலைந்தாய்.
சூட்டோடு குழாயடியில் காட்டாதே, பாவம்,
அதிர்ந்துபோகும்.
(பாவம் என்றது வாணலியை. என்னையல்ல.)
மற்ற சட்டிகளோடு அடுக்கினால்
நடுவே ஒரு துணி.

துணி என்று அவள் எடுத்துவைத்தது
தன் பழைய ஏப்ரனை.
அதன் பாக்கெட்டில் மீன் மார்க்கெட் ரசீது ஒன்று,
மத்தி, ஒன்றரைக் கிலோ,
மை பாதி அழிந்து.

முதல் முட்டை
உடையாமல் கிழியாமல் வழுக்கிவந்து
தட்டில் உட்கார்ந்தது.
படம் எடுத்து அனுப்பினேன்.
ஒரு சொட்டு எண்ணெய் போதுமென்றாள்,
நம்பாமல் இரண்டு விட்டிருந்தேன்,
அதைச் சொல்லவில்லை.

ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கத்தால் மட்டும் கழுவினேன்.
கப்பல் பட்டறையில் நாற்பது வருஷம்
ஆணியும் தாருமாய்க் கிடந்த கை இது.
இவ்வளவு மெல்ல
இந்தக் கை வேறெதையும் தொட்டதில்லை,
வேறு யாரையும்.
எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் சலசலத்தால் போதும்,
சுவரில் மிகால்யா பாடத் தொடங்கும்.
அவளுடைய கேனரி.
பெயருக்கு ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம்.
வாணலிக்கும் அதற்கும் ஏதோ ஒப்பந்தம்,
நான் வெறும் கரண்டி பிடிப்பவன்.

நவம்பரில் ஒரு ராத்திரி, மழை.
பசி. சீக்கிரம் ஆகட்டுமென்று
ஒன்பதுக்குத் திருப்பினேன்.
முட்டை எடுக்கக் கை நீட்டும்போது போன்.
படுக்கையறை ஜன்னலோரம்தான் சிக்னல் நிற்கும்.

மூன்றாவது மாடியையும்
துடைக்கச் சொல்லிவிட்டார்களாம்.
முழங்கால் வலியாம்.
மேற்பார்வைக்காரி தும்முவதை
நடித்துக் காட்டினாள்,
நடித்துவிட்டுத் தானே சிரித்தாள்.
அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசம்.
முடியும்வரை
வெட்ட மனசு வரவில்லை.

புகை என்றுகூடச் சொல்ல முடியாது.
மெல்லிய, பிளாஸ்டிக் மாதிரி ஒரு நெடி.
வாணலி எதுவும் நடக்காததுபோல்
கறுப்பாகவே இருந்தது.
கூண்டின் தரையில் மிகால்யா.

பால்கனிக்கு ஓடினேன் கூண்டோடு, மழையில்.
எல்லா ஜன்னலையும் திறந்தேன்.
ஊதினேன். ஊதியும் பார்த்தேன்.

கீழ்வீட்டு வால்தெமார் புறா வளர்ப்பவர்.
படியேறி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
அந்தப் பூச்சு எல்லைமீறிச் சூடானால்
பறவைக்கு ஆகாது, தெரியாதா?
வெறுமனே சூடேற்றாதே என்றாள்,
ஏனென்று சொல்லவில்லை.
அவளுக்கும் தெரிந்திருக்காது.
தெரிந்திருந்தால்
சமையலறையில் மாட்டியிருப்பாளா கூண்டை?

ஏப்ரனில் சுற்றி
ரோஸ்மேரித் தொட்டியில் புதைத்தேன்.
ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
சட்டிகளுக்கு நடுவே இப்போது
பழைய பேப்பர், விளையாட்டுப் பக்கம்.

வாணலியைத் தூக்கி எறிந்திருக்கலாம்.
மறுநாள் காலையில்
அதில்தான் முட்டை பொரித்தேன்,
மூன்றில் வைத்து.
எப்போதும்போல் வழுக்கி வந்தது.
தட்டோடு குப்பையில் கவிழ்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள்.
எண்ணெய்ச் சத்தம் கேட்குதே,
மிகால்யா எங்கே, பாடக் காணோம்?
துணி போட்டு மூடிட்டேன்.
இவ்வளவு சீக்கிரமாவா?
இங்கே சீக்கிரம் இருட்டிடுது.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சலசலப்பு மட்டும்.
எது எண்ணெய், எது மழை, எது போன்,
பிரிக்க முடியவில்லை.

வாணலியைப் பத்திரமா வச்சிருக்கியா? என்றாள்.
ஒரு கீறல் இல்லை என்றேன்.
ஒளியில் சாய்த்துப் பார்த்துவிட்டு
இன்னொரு தடவையும் சொன்னேன்.